தீர்ப்பாயத்தில் என் முணுமுணுப்பு

எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். விட்டால் சொந்தக்காரர் கூட்டிச் சொல்வார்கள். கோபம் வந்தால் கத்த மாட்டேன். வாய்க்குள் முணுமுணுப்பேன். அது ஒருவருக்கும் கேட்காது என்று நாற்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை ஒரு தீர்ப்பாயத்தில், நடுவர் முன்னால், நல்ல ஆங்கிலத்தில் உடைத்தார்கள்.

இவர் (என் வீட்டுக்காரர்தான், பெயர் எழுதினால் கோபிப்பார்) கனடாவில், மிசிசாகா நகரத்தில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவர். வேலை போனது. ஊனமுற்றோருக்கான உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். நான் டோர்செட் பார்க்கில் ஒரு ரேக் அவுட் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி கொத்தினேன். அந்தச் சம்பளத்தில் வாடகை கட்டினால் சாப்பாடு இல்லை, சாப்பிட்டால் வாடகை இல்லை.

ஒருநாள் மெத்தை விரிப்பை மாற்றும்போது அடியில் ஒரு கடிதம் கிடந்தது. பிரிக்கவே இல்லை. பிரித்தால், விண்ணப்பத்தை மறுத்திருந்தார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அதற்குரிய கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாதக்கணக்காக அதே சுவர்தான். குளிப்பதில்லை, போன் எடுப்பதில்லை. முதுகோடு மனமும் உடைந்துபோயிருந்தது.

நியாயமான காரணம் இருந்தால் பிந்திய மேல்முறையீட்டையும் ஏற்றுக்கொள்வார்களாம். ஏற்காவிட்டால் கதை அதோடு முடிந்தது. எங்களிடம் நல்ல காரணம் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது காரணம் இல்லை, மானக்கேடு.

"விசர் எண்டு எழுதிக் குடுத்தா நாளைக்குப் பிள்ளையை ஆர் கட்டுவான்?" என்றார். (விசர் என்றால் பைத்தியம். பிள்ளை, எங்கள் மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு.)

ஆகவே தபால் பிந்தியது என்று எழுதினோம். எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டியின் பூட்டு உண்மையிலேயே உடைந்துதான் கிடந்தது. பொய்க்கும் ஒரு கால் வேண்டாமா?

இலவச சட்ட உதவி நிலையத்தில் ஒரு வக்கீலைப் பிடியுங்கள் என்று கடையில் பலர் சொன்னார்கள். கதைக்கிறதற்கு எனக்கு ஆள் வேண்டுமோ என்று கேட்டேன். பிந்தியது பற்றி மட்டும் விசாரிப்பார்களாம், அதுவும் வீடியோவில். நான் கூறைச் சேலை கட்டாத குறை. இவருக்கு முடிக்கு டை அடித்து, கலியாண வீட்டுக்குப் போகிற கோட்டைப் போட்டு, சோபாவில் இருத்தி, "நிமிர்ந்து இருங்கோ" என்றேன். முதுகு வலிக்காக உதவி கேட்கிறவரை நிமிர்ந்து இருக்கச் சொன்ன மூளை என்னுடையது.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பிள்ளை. உறுதிமொழி எடுத்ததும் எங்களிடம் சொன்னார்: "இங்க பேசுற எல்லாத்தையும் அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிடுவேன். எதையும் விட மாட்டேன், சரிங்களா?" விமானத்தில் பாதுகாப்பு அறிவிப்பைக் கேட்பதுபோலக் கேட்டுத் தலையாட்டினேன்.

நடுவர் இவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வெரி ஃபைன், தாங்க்யூ."

எங்கள் ஆட்கள் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாலும் சுகமாய் இருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். அடுத்து, வீட்டில் தபால் எடுப்பது யார் என்று கேட்டார். கோட்டுப் போட்ட மனிசனுக்குத் தன்னை ஒழுங்கில்லாதவன் என்று சொல்ல மனம் வரவில்லை.

"நான்தான். ஒவ்வொரு நாளும், ஒழுங்கா எடுப்பன்."

வழக்கு அங்கேயே செத்தது. எதிர்த்தரப்பு அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலையே இல்லை.

"ஒழுங்காம்," என்று முணுமுணுத்தேன். "பல்லு விளக்கவே ரெண்டு தரம் கூப்பிடவேணும்."

ஸ்பீக்கரிலிருந்து அது, செய்தி வாசிக்கிற குரலில், ஆங்கிலமாக வந்தது.

"வாயைப் பொத்திக்கொண்டு இரும்," என்றார் இவர். அதுவும் ஆங்கிலமாக வந்தது.

"பிள்ளை, உதுகளைச் சொல்லாதேங்கோ, இது எங்கட வீட்டுக் கதை," என்றேன். அதையும் சொன்னார். உங்கள் முறை வரும், அதுவரை அமைதியாக இருங்கள் என்று நடுவர் என்னைக் கண்டித்தார்.

"உவ சிரிக்கவே மாட்டா போல. புளி குடிச்ச முகம்," என்று நடுவரம்மாவைப் பற்றி முணுமுணுத்தேன்.

அந்தப் பிள்ளை எச்சில் விழுங்கியதைத் திரையில் பார்த்தேன். விழுங்கிவிட்டு அதையும் சொன்னார்.

இனிப் போக மானம் இல்லை. இவர் பக்கம் திரும்பினேன். "மாசக்கணக்காச் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்ததைச் சொல்லுங்கோவன். கோட்டைப் போட்டுக்கொண்டு தபால்காரன்ர தலையில கட்டுறீங்கள். நான் எத்தினை நாள் பாத்ரூமுக்கை நிண்டு அழுதனான், தெரியுமோ?"

மொழிபெயர்ப்பாளர்கள் ‘அவர் அழுதார்’ என்று சொல்வதில்லை. ‘நான் அழுதேன்’ என்றே சொல்கிறார்கள். யாரோ ஒரு பிள்ளை, முன்பின் தெரியாத ஆட்களுக்கு, பாத்ரூமில் நின்று நான் அழுதேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இவருக்கே அது அன்றுவரை தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி சொல்வது உண்மையா என்று நடுவர் கேட்டார். இவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

"ஓம். கடிதம் வந்தது தெரியும். பிரிக்கப் பயம். எழும்பவே மனம் வரேல்லை."

அதை மட்டும் அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

இரவுச் சாப்பாடு செய்யவில்லை. வழக்கையும் கெடுத்து, புருஷன் மானத்தையும் கெடுத்தேன் என்று இருந்தேன். சில வாரத்தில் தீர்ப்பு வந்தது: பிந்திய மேல்முறையீட்டை ஏற்றுக்கொள்கிறோம். காரணமும் எழுதியிருந்தார்கள். தபால் பற்றிய விளக்கத்தை நம்பவில்லையாம். ஆனால் மேல்முறையீட்டாளரின் மனைவி கூறியவை தீர்ப்பாயத்துக்காகக் கூறப்பட்டவை அல்ல, ஆகவே நம்பத்தக்கவை. புளி குடித்த முகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெரிய மனுசி.

பிறகு மரியாதையாகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த வக்கீல் பிள்ளை தீர்ப்பை வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த விசாரணைக்கு நீங்கள் கடையில நிண்டால் நல்லம், அன்ரி," என்றது. நின்றேன். டாக்டரின் அறிக்கையோடு வென்றார்கள். இவர் இப்போது மனதுக்கும் மருந்து எடுக்கிறார், யார் கேட்டாலும் சொல்கிறார். பிள்ளைக்கு மாப்பிள்ளை வராமல் போகவும் இல்லை.

எனக்குத்தான் நிம்மதி போனது. சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டு, கறி அந்த மாதிரி என்று நான் வாய் நிறையப் புகழும்போது இவரும் சேர்ந்து தலையாட்டுவார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும்தான் கேட்பார்:

"இனி நம்பத்தக்கதைச் சொல்லும்."