துரைமார் நாட்டில் ஒரு கோடிக் காம்பரா

இரத்தினபுரிப் பக்கம் பிறந்தவனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்காமல் இருக்காது. பெரும்பாலும் அது மாணிக்கக் கல் பைத்தியமாக இருக்கும். எங்கள் கோடி அண்ணனுக்குப் பிடித்தது சுவர்ப் பைத்தியம். ஒரே ஒரு சுவருக்காக ஆயுளில் பாதியைத் தொலைத்த மனிதர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று றக்வான பஸ் ஸ்டாண்டில் நின்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

கோடி என்றதும் பணக் கோடியை நினைத்துவிடாதீர்கள். அவர் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் குக். கையில் லட்சமே தங்கியதில்லை. இது லயத்துக் கோடி. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். நடுக் காம்பராக்காரனுக்கு இரண்டு பக்கமும் அடுத்தவன் சுவர். கோடியில், அதாவது கடைசியில் இருப்பவனுக்கு மட்டும் ஒரு பக்கம் திறந்த வெளி. வாழை வைக்கலாம், கோழிக்கூடு கட்டலாம், கொஞ்சம் மூச்சு விடலாம். காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டுப் புகையும் சண்டையும் கருவாட்டு வாசனையும் சுவர் ஏறி வந்து நம்மோடு உட்கார்ந்து சாப்பிடும்.

நடுக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர் அண்ணன். "செத்தா கோடிக் காம்பராலதாண்டா சாவேன்" என்று சபதம் போட்டிருந்தார். தோட்டத்தை நிர்வகிக்க மாறி மாறி வந்த ஒவ்வொரு துரையிடமும் கேட்டார். வாயால் கேட்டு அலுத்து, கடைசியில் கேக்கால் கேட்டார். துரையின் பிறந்தநாள் கேக்கில் 'ப்ளீஸ் எண்ட் ரூம்' என்று ஐசிங்கில் எழுதப் போனவருக்கு, 'ப்ளீஸ் எண்ட்' என்பதோடு ஐசிங் தீர்ந்துபோனது. விருந்தாளிகள் நடுவில் கேக்கைக் கொண்டுபோய் வைத்தார். தயவுசெய்து முடித்துக்கொள் என்று சொந்தச் சமையல்காரனே எழுதியதைப் பார்த்துத் துரைசாணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மொகத மே?" என்று துரை சிங்களத்தில் உறுமினார். இது என்னவாம்.

"சேர், ஐசிங் இவரயி" என்றார் அண்ணன் பவ்யமாக. தீர்ந்துபோச்சாம்.

விஷயம் புரிந்ததும் துரை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கோடியில் இருந்த பெரியவர் மகனோடு கொழும்புக்குப் போனபோது காம்பரா அண்ணனுக்கு வந்தது. அன்றைக்கே கடப்பாரையை எடுத்து அந்த வெளிச்சுவரைக் குடைந்து ஒரு ஜன்னல் வைத்தார். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் முன் ஜன்னலைக் காட்டுவார். தூரத்து வளைவில் பஸ் ஏறுவது அதில் தெரியும். "பஸ்ஸு வருது, ஓடுங்கடி!" என்று பஸாருக்குப் போகும் பெண்களை அவர்தான் விரட்டுவார்.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே அண்டைச் சுவர் என்னுடையது. சத்தமே ஆகாது என்று கோடிக்குப் போன மனிதர்தான் லயத்திலேயே பெரிய சத்தம். நாங்கள் சமைக்கும்போது சுவருக்கு மேலாக வாசனை பிடித்தே தீர்ப்புச் சொல்வார். "தம்பி, பருப்புல பூண்டு கருகுது, உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு!" என் மனைவி கரண்டியைச் சுவரில் எறிந்த நாட்களும் உண்டு.

அப்புறம் நாடு முழுவதும் கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. பங்களாவில் விருந்து நின்றது, அண்ணனின் வேலையும் நின்றது. இங்கிலாந்தில் ரெஸ்டூரண்ட் வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கு இடியப்பமும் வேண்டும், புடிங்கும் வேண்டும், இரண்டும் தெரிந்த குக் வேண்டும். அண்ணன் கிளம்பினார்.

அவர் மனைவி லெச்சுமி மதினி கிளம்பவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. போவதற்குத் தடை அந்தக் கோடிக் காம்பராதான். வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், இருந்தால்தான் காம்பரா நமக்கு. மதினி கொழுந்து எடுக்கும்வரை அது இருக்கும். அவர் பேரை வெட்டிவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். பாதி ஆயுள் கொடுத்து வாங்கிய காம்பராவைக் காவல் காக்க மனைவியை வைத்துவிட்டு, மனிதர் கடல் தாண்டினார்.

முதல் வீடியோ கால் என் கடைக்குத்தான் வந்தது. பஸாரில் நான் வைத்திருப்பது ரீலோட், போட்டோகாப்பி போடும் கம்யூனிகேஷன் கடை. போனை எடுத்ததும் காது செவிடாகும் குரல்.

"தம்பி! மோசம் போயிட்டோம்டா! தொரமாரு நாட்டுல தொரமாரே லயத்துலதாண்டா இருக்காங்க!"

போனைத் திருப்பிக் காட்டினார். தெரு முழுக்கச் செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கூரை, வரிசையாகப் புகைபோக்கி. சந்தேகமே இல்லை, லயம்தான். மாடி வைத்த லயம்.

"பெரட்டுக் களம் இருக்காண்ணே?" என்று கேட்டேன். காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடும் இடத்தைத்தான்.

"இருக்குடா, பஸ் ஹோல்ட்டுனு பேரு. விடியக்காலைல எல்லாரும் குளிர்ல நடுங்கிக்கிட்டு அங்கதான் நிக்கிறாங்க."

அவர் இருந்தது ரெஸ்டூரண்டுக்கு மேலே ஒரு வாடகை அறை. வாடகை என்ற சங்கதியே அண்ணனுக்குப் பிடிபடவில்லை. எங்கள் சனத்துக்கு வீடு வாங்கவும் தெரியாது, வாடகைக்கு எடுக்கவும் தெரியாது. பேர் பதிந்தால் காம்பரா, அவ்வளவுதான். "வேல செய்றவனுக்கு காம்பரா குடுக்கணும். வேலையும் செஞ்சிட்டு காம்பராவுக்குக் காசும் குடுக்கணுமாம். இது எந்த ஊரு நாயம்?" என்று முதலாளியிடமே கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு வீட்டுக்காரன் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பான் என்று காத்திருந்து, கொடுக்காததால் தானே வெள்ளை வாங்கி அடித்துவிட்டார். சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதத்தின் மேலேயே. வீட்டுக்காரன் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தானாம். "சந்தோசத்துல பேச்சே வரல்லடா அவனுக்கு" என்றார் அண்ணன்.

அடுத்த மாதமே, வேறு இடம் கிடைத்ததும் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வாடகைக்கு இன்னொரு அறையா, அல்லது பேங்கில் கடன் எடுத்துச் சொந்த வீடா? கடனுக்கு ஜாமீன் நிற்பதாகச் சொன்ன முதலாளி ஒரு வீட்டுத் தரகரைக் கூட்டி வந்தார். அவரும் யாழ்ப்பாணம்.

"எனக்கு கோடி வீடுதாங்க வேணும்" என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் கோடி என்றால் வீட்டுக்குப் பின்னால் உள்ள வளவு. அது அண்ணனுக்குத் தெரியாது. இவர் சொன்ன கோடி தரகருக்குத் தெரியாது. அந்த மனுசன் ஒரு ஞாயிறு முழுக்க மழையில் ஒவ்வொரு வீட்டின் கொல்லைப்புறத்தையும் திறந்து காட்டியிருக்கிறார். "அண்ணை, வடிவாப் பாருங்கோ, கோடி எவ்வளவு பெரிசு! கோடிக்குள்ள பந்தலே போடலாம்!" அண்ணன் முழங்கால் வரை புல்லில் நின்றுகொண்டு எங்களுக்குப் போன் எடுத்தார். "தம்பி, இந்த ஆளு என்னை எதுக்குடா காட்டுக்குள்ளயே சுத்த வைக்கிறான்?"

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் லயத்துக்கே வீடு பார்க்கும் படலம்தான். என் வாசலில் போனை நிறுத்தி வைப்போம். எல்லோரும் கூடிவிடுவார்கள். "அடுப்பு எங்கண்ணே?" "கெழக்கு எந்தப் பக்கம்?" "இவ்வளவு பெரிய வீட்டுல கோழிக்கூடு இல்லியா?" என்று ஆளுக்கு ஒன்று. சீமையில் வீடு வாங்கும் விஷயத்தில் எங்கள் ஆட்கள் எல்லோருமே நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். அங்கேயும் வரிசையின் கடைசி வீட்டுக்கு விலை அதிகமாம். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று அண்ணன் மார் தட்டினார்.

மதினி மட்டும் போன் பக்கம் வரமாட்டார். தூரத்தில் உட்கார்ந்து அரிசி புடைப்பார். ஒரு தடவை கட்டாயப்படுத்திப் போனைக் கையில் கொடுத்தேன்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். வீடு எப்பிடி இருக்கு புள்ள?"

"வாடகைக்கு இருந்தீங்கன்னா என்னைக்காவது வந்துருவீங்க. வாங்கிட்டீங்கன்னா?"

அண்ணன் போனை வைத்துவிட்டார். கூட்டமும் கலைந்துவிட்டது. வீடு வாங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. ஒன்று அவர் அங்கே தனியாகவே கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் மதினி பேரை வெட்டிக்கொண்டு போய்விட வேண்டும். காம்பராவும் போய்விடும், திரும்பி வர ஒரு வாசலும் இருக்காது.

அதன் பிறகு சில வாரம் வீடு எதுவும் காட்டவில்லை. ஒரு நாள் கடையில் யாரும் இல்லாத நேரம் கூப்பிட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

"தம்பி, நேத்து தும்முனேன்டா."

"தடிமனா அண்ணே?"

"அதில்லடா. தும்முனேன். ஒருத்தரும் ஒன்னும் சொல்லல்ல."

எங்கள் லயத்தில் யார் தும்மினாலும் பக்கத்துக் காம்பராவிலிருந்து "நூறு!" என்று வாழ்த்திவிடுவார்கள். சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கூடச் சொல்லுவார். அங்கே சுவர் கூரை வரைக்கும் போகிறது. மனிதர் தும்மிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். "நூறுண்ணே" என்றேன். "ம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு லயமே திரண்டிருந்தது. வீடு முடிவாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். திரையில் அதே செங்கல் வரிசை.

"கோடிதானே அண்ணே?"

"இல்லடா. நடுவுல."

இரத்தினபுரிக் குழியில் இறங்கி மாணிக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேற்றில் போட்டவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் போனைப் பார்த்தோம்.

"அதே லயத்துல கோடியும் விக்கிறதுக்கு இருந்திச்சு. உள்ள போய் நின்னு பாத்தேன். நல்ல வெளிச்சம், பெரிய ஜன்னல். ஒரு சத்தம் இல்ல. அங்க என்னால நிக்க முடியலடா. இந்த நடு வீட்டுக்கு வந்தேன். இந்தப் பக்கம் ஒரு வெள்ளக்காரக் கெழவி, காது கேக்காது, டிவிய அலற வைக்கிறா. காதுகிட்ட போய்க் கத்தி 'சலாம் தொரசாணி'ன்னேன், அவளும் சலாம்னா. அந்தப் பக்கம் பங்களாதேஷ்காரங்க. கைப்புள்ள ஒன்னு ராவும் பகலும் கத்துது. சுவரு மெல்லிசு. சரி, இதுவே போதும்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மதினி எழுந்து வந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"அந்தப் புள்ள அழுவுறது இப்ப கேக்குதா?"

அண்ணன் போனைச் சுவரில் வைத்தார். எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது எங்கள் எல்லோருக்குமே கேட்டது.

"அப்பிடின்னா வாரேன்" என்றார் மதினி.

"காம்பரா போயிருமே லெச்சுமி. கோடிக் காம்பரா."

"போவட்டும். கோடிக்கு வந்த நாள்ல இருந்து எனக்கு ஒரு பக்கத்துல ஆளே இல்ல. உங்க ஆசைக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அங்கயும் கோடின்னா நான் வந்திருக்கவே மாட்டேன்."

இத்தனை வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்த எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையில் கொஞ்ச நேரம் அவருடைய காது மட்டும்தான் தெரிந்தது.

விசா வந்ததும் மதினி பேரை வெட்டிக்கொண்டு, கோழிகளை என் மனைவியிடம் விட்டுவிட்டுப் போனார். கோடிக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. யாருக்கென்று தோட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எலி ஓடும் சத்தம்தான். எங்கள் வீட்டுப் பருப்பு கருகினாலும் கேட்க ஆளில்லை. எனக்கு அது பெரிய இழப்பு, சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கால் மட்டும் நிற்கவில்லை. வீடு பார்த்து முடிந்துவிட்டதால் பேச விஷயமும் இல்லை. அவர்கள் போனை அடுப்பங்கரையில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைக்கிறார்கள். நாங்களும் அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கிறோம். அங்கே மதினி அவரைத் திட்டுவது கேட்கிறது, கடுகு வெடிப்பது கேட்கிறது. இங்கே நான் இருமினால், "சுடுதண்ணி குடிடா" என்று அங்கிருந்து ஒரு அதட்டல் வருகிறது.

"ஒரு வார்த்த பேசுறதில்ல, எதுக்கு டேட்டாவ வீணாக்குறீங்க? கட் பண்ணுங்க" என்கிறாள் என் மனைவி.

எப்படிக் கட் பண்ணுவது? பக்கத்து வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.