இஸ்திரி போட்ட விண்ணப்பம்

முதல் தேய்ப்பிலேயே கல்லூரியின் பெயர் காணாமல் போனது.

சலவைக்கடை இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். அங்கேயும் இல்லை. மகளின் விண்ணப்பத்தில் 'முதல் விருப்பம்' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே 'கட்டண உதவி தேவையா?' என்ற கட்டமும் காலி. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. கடைசி நாள் அன்றுதான். பகல் பன்னிரண்டு மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

முக்கியமான காகிதம் எதுவானாலும் இஸ்திரி போட்டுத்தான் வெளியே அனுப்புவார். மதிப்பெண் பட்டியல், வாடகை ஒப்பந்தம், ஒருமுறை பல் டாக்டரின் மருந்துச் சீட்டு. கசங்கிய காகிதம் கொடுத்தால் கசங்கிய ஆள் என்று நினைப்பார்கள் என்பது அவர் கட்சி.

அந்த இரண்டு கட்டங்களுக்காக வீட்டில் மூன்று வாரம் சண்டை நடந்திருந்தது.

"பெரிய கல்லூரியில நூறு பேர் கேட்டா ஆறு பேரைத்தான் எடுக்கறாங்க. நீ பக்கத்துக் கல்லூரியைப் போடு," என்பார் அவர்.

"பக்கத்துக் கல்லூரியில பணம் கட்ட முடியுமான்னு பார்த்துட்டுத்தான் எடுப்பாங்கப்பா. பெரிய கல்லூரியில அதைப் பார்க்கவே மாட்டாங்க. எடுத்துட்டா முழுசா அவங்களே குடுத்துருவாங்க."

"அப்ப உதவி வேண்டாம்னு எழுதிடு. உள்ள போய்க் கேட்டுக்கலாம்."

"உள்ள போனப்புறம் கேட்டா குடுக்க மாட்டாங்கப்பா. பணம் கட்டலைன்னு ரெண்டாவது மாசமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"எழுதும்மா, சொல்றேன்."

நேற்று மாலை சட்டென்று அடங்கி, அவர் சொன்னபடியே இரண்டையும் எழுதினாள். தன் பேச்சுக்கு வீட்டில் இன்னும் மரியாதை இருக்கிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

"சூடு அதிகமா வெச்சிருப்பீங்க," என்றாள் கடை முதலாளியம்மா. "தண்ணி தெளிச்சுப் பாருங்க. சட்டையில விழுந்த சூட்டுக் கறையே போயிடுது."

தெளித்தார். எழுத்து வரவில்லை. காகிதம்தான் மேடும் பள்ளமுமாக எழும்பியது. அதை அடக்க மறுபடி தேய்த்தபோது, ஓரத்தில் ஒட்டியிருந்த மகளின் புகைப்படம் பெட்டியோடு வந்துவிட்டது. சுரண்டி எடுத்ததில் மூக்குக்கு மேல் மட்டும் மிஞ்சியது.

"பாதி முகம் போதுமாங்க?"

"கண்ணு நல்லா விழுந்திருக்கு," என்று ஆறுதல் சொன்னாள் முதலாளியம்மா.

பள்ளிக்கு ஓடினார். அலுவலகக் குமாஸ்தா விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது தண்ணியில நனைஞ்சுதா, தீயில வெந்துதா?"

"ரெண்டும்தாங்க."

நல்லவேளையாக ஒரே ஒரு விண்ணப்பத் தாள் மீதி இருந்தது. வகுப்பிலிருந்து மகளைக் கூப்பிட்டார்கள். அழுவாள் என்று பயந்து நின்றார். அவள் பாதி முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே இன்னொரு புகைப்படமும் பசையும் தயாராக இருந்தன. என் பிள்ளைதான் எவ்வளவு முன்யோசனைக்காரி என்று அந்த நிலைமையிலும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

"உன் படிப்பு மேலயே பெட்டியை வெச்சுட்டேனேம்மா." அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். உனக்கு எது சரின்னு படுதோ அதை எழுது."

"நிஜமாவாப்பா?"

"நிஜமா."

முதல் விருப்பம்: பெரிய கல்லூரி. கட்டண உதவி: தேவை. எவ்வளவு: முழுவதும்.

அவர் வாயைத் திறந்தார். கையிலிருந்த பாதி முகம் அவரையே பார்த்தது. மூடிக்கொண்டார். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் குமாஸ்தா முத்திரை குத்தினார்.

திரும்பும் வழியில் எழுதுபொருள் கடையில் நின்றார். மகளுக்கு இனி இப்படி ஒரு சோதனை வரக் கூடாது.

"எவ்வளவு சூடு பட்டாலும் அழியாத பேனா ஒண்ணு குடுங்க. விலை கூட இருந்தாலும் பரவாயில்ல."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"என்னண்ணே, வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க? அப்பா எப்படியும் இஸ்திரி போடுவாரு, சூடு பட்டா மறையற பேனாதான் வேணும்னு நேத்து உங்க பொண்ணு கேட்டு வாங்கிட்டுப் போச்சே!"