கிழக்கே பார்த்த மணவறை

லண்டனில் இருக்கிறவர்களுக்குக் காற்று என்பது பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை பிடிக்க ஒரு சாட்டு. மற்றபடி நாங்கள் அதைப் பற்றி யோசிப்பதில்லை. நான் இருக்கிற குட்மேய்ஸில் பலமாக ஒரு காற்று அடித்தால் வேலிப் பலகை விழும். அது யாருடைய வேலி என்ற விவாதம் அடுத்த காற்று வரைக்கும் நடக்கும். கவுன்சில் தந்த குப்பைத் தொட்டி உருண்டுபோய் முன்வீட்டுக் காரில் முட்டும். எந்தத் திசைக் காற்று என்று என் தெருவில் எவரும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இருந்திருந்தால், அக்கா மகனின் கல்யாணத்தன்று பட்டு வேட்டியோடு நாகதாளிக் கள்ளிக்குள் விழுந்திருக்க மாட்டேன்.

அக்கா கணவரை இழந்தபோது மகன் கஜனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. அப்டன் பார்க்கில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுவதும் நின்ற நிலையில் ஊரார் வீட்டுக் கூறைச் சேலைகளை மடித்துக் கொடுத்துத்தான் அவனை வளர்த்தாள். அவன் படித்து முடித்து மால்டாவுக்கு வேலைக்குப் போனான். மத்தியதரைக் கடலில், வரைபடத்தில் விரலை வைத்தால் மறைந்துவிடுகிற தீவு அது. அங்கேயே மரீயா என்ற பெண்ணை விரும்பினான். அக்கா கொஞ்ச நாள் அழுதாள். பிறகு மரீயாவோடு வீடியோவில் கதைத்தாள். பிறகு சிரித்தாள். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: நல்ல முகூர்த்தத்தில், ஐயர் வந்து, முறைப்படி தாலி கட்ட வேண்டும். மரீயாவின் வீட்டார் தங்கள் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம் என்றார்கள்.

"தம்பி, அந்தச் சனம் எங்கட கலியாணம் ஒண்டும் கண்டதில்லை. எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. ஒரு குறையும் வரக்கூடாது. மணவறை உன்ர பொறுப்பு" என்றாள் அக்கா.

"நீ ஒண்டுக்கும் யோசியாத அக்கா" என்றேன். (தான் யோசிக்கத் தொடங்கியதே அந்த நிமிடத்தில்தான் என்று பிற்பாடு சொன்னாள்.)

எனக்குத் தொழில் கார் ஓட்டப் பழக்குவது. திரும்புவதற்கு முன் நாலு பக்கமும் பார் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொண்டிருக்கிறவன், பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு கடையில் மடித்துக் கட்டக்கூடிய மணவறை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அலுமினியக் குழாய்கள், சிவப்பு வெல்வெட், பின்பக்கம் பெரிய பட்டுத் துணி. விமானத்தில் ஏற்றி, தாய்மாமன் என்ற தலைக்கனத்தோடு மால்டாவில் இறங்கினேன்.

மரீயாவின் தகப்பன் பெயர் சால்வு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் மெதுவாக, இழவு வீட்டுக் குரலில் சொல்லுகிற மனிதர். அவருடைய வீடு கடற்கரையில் இருந்தது. ஆனால் கடல் தெரிகிற கிழக்குப் பக்கம் சுவர் மட்டும்தான். அதில் இருந்த ஒரு சின்ன ஜன்னலும் ஒப்புக்கு வைத்ததுபோல இருந்தது. வாசல், பெரிய ஜன்னல்கள், சமையலறை எல்லாம் குப்பை மேட்டைப் பார்த்தபடி மேற்கில். "காசு குடுத்தும் கிடைக்காத கடல் காட்சி. அதுக்கு முதுகைக் காட்டி வீடு கட்டியிருக்கிறாங்கள், விசருகள்" என்று கஜனின் காதில் சொன்னேன்.

அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் காற்றைக் கேட்டார்கள். உடுப்புத் துவைக்கலாமா, எந்தக் கரையில் குளிக்கலாம், பக்கத்துத் தீவுக்குக் கப்பல் ஓடுமா, எந்தக் கதவைத் திறக்கலாம், எல்லாமே காற்று சொல்ல வேண்டும். தென்கிழக்கிலிருந்து வருகிற காற்றுக்கு ஷ்லொக் என்று பெயர். அது வீசினால் சுவர் வியர்க்கும், தலை இடிக்கும், பாலைவனத்துச் செம்மண் வந்து காரெல்லாம் படியும். அன்றைக்குப் புருஷனோடு முக்கியமான எதையும் பேசமாட்டேன் என்று மரீயாவின் தாய் சொன்னாள். (என் மனைவி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.)

கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் கிழக்கு முற்றத்தில் மணவறையைக் கட்டினேன். பொம்பிளையும் மாப்பிள்ளையும் கிழக்கு நோக்கி இருக்க வேண்டும். அது எங்கள் முறை. சால்வு வந்து நின்றார். வெல்வெட்டைத் தடவினார். வானத்தைப் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கட்டியிருப்பது கப்பல் பாய்" என்றார்.

நான் சிரித்தேன்.

"நாளைக்குக் கிரிகால் வரும். வடகிழக்குக் காற்று. மேற்குப் பக்கம், என் படகுக் கொட்டகை முன்னால் கட்டுங்கள். வீடு மறைத்துக்கொள்ளும்."

மேற்கு! நல்ல காரியத்தை மேற்குப் பக்கத்தில் வைத்துச் செய்கிறதா? கண்முன்னால் இருந்த கடலும் கட்டிலில் விரித்த துணிமாதிரிக் கிடந்தது. எங்கள் சாஸ்திரம், அக்கினி, சூரியன் என்று என் இங்கிலீஷ் தாங்குகிற வரைக்கும் அவருக்கு விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "கிரிகாலுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஐயர் அக்கினி வளர்த்தபோதே நெருப்பு படுத்துக்கொண்டுதான் எரிந்தது. மால்டாக்காரர்கள் எல்லாரும், வயதான அத்தைகள் உட்பட, தலையில் துணியைக் கட்டி, வீட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கதிரைகளில் நேராக இருந்தது லண்டன் சனம் மட்டும்தான். ஆசீர்வாதத்துக்கு எறிந்த அறுகரிசி எறிந்தவர்களின் வாய்க்கே திரும்பி வந்தது. பட்டுத் துணி உப்பத் தொடங்கியது. ஒரு குழாய் நிலத்தைவிட்டு எழுந்தது.

"மாமா, மணவறை நடக்குது!" என்று கஜன் கத்தினான்.

அறிவுள்ளவன் பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் இழுத்து வெளியே விட்டிருப்பான். அதை ஐயர் செய்தார். நான் குழாயைப் பிடித்தேன். (வாடகைச் சாமான் அல்லவா.) சுவரில் முட்டிய காற்று தெற்கே திரும்பியது, மணவறையும் திரும்பியது, தாய்மாமனும் கூடவே போனான். எல்லை வேலியாக நட்டிருந்த நாகதாளிக் கள்ளி எங்கள் இருவரையும் ஏற்றுக்கொண்டது.

கூட்டத்தில் ஒரு சிரிப்புச் சத்தமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா தாலித் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி காற்றுக்குள் நின்றாள். கற்பூரம் பறந்துவிட்டது, பூ பறந்துவிட்டது. தாலிக்கொடியை மட்டும் இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். அவள் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை, அத்தான் செத்த வீட்டில்கூட. முள்ளைவிட அதுதான் எனக்கு வலித்தது.

"நேரம் போகுது. எங்கையெண்டாலும் ஒரு மறைப்புக் காட்டுங்கோ!" என்றார் ஐயர்.

சால்வு மேற்குப் பக்கம் ஓடிப்போய்க் கொட்டகைக் கதவைத் திறந்து, படகை வெளியே தள்ளினார். உள்ளே காற்றே இல்லை. நெருப்பு நேராக நின்றது. அதோடு எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் வெளியே ஒரு மேசையில் நான் குப்புறக் கிடந்தேன். மரீயாவின் தாய் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் முள் எடுத்துக்கொண்டிருக்க, நான் குரல் கொடுத்தேன்:

"ஐயா! கிழக்குப் பாத்து இருத்துங்கோ!"

ஐயரும் என்னோடு வாதாட நேரமில்லாமல் அப்படியே இருத்தினார். கொட்டகையின் வாசலோ மேற்கில். ஆகவே பொம்பிளையும் மாப்பிள்ளையும் உள்சுவரையும், அதில் தொங்கிய மீன்வலையையும், ஒரு படகு எஞ்சினையும் பார்த்தபடி இருந்தார்கள். வெளியே நின்ற அத்தனை சனமும் அவர்களுடைய முதுகைப் பார்த்தது. படம் பிடிக்கிறவருக்கு உள்ளே நுழைய இடமில்லை. முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது. ஆனால் கல்யாண ஆல்பம் முழுவதும் முதுகுதான்.

லண்டன் திரும்புகிற விமானத்தில் அக்கா என்னோடு கதைக்கவில்லை. எனக்கும் இருக்க முடியவில்லை, இரண்டு விதத்திலும். அந்த முதுகு காட்டிய வீட்டைப் பற்றியே யோசித்தேன். நாங்கள் நாள் பார்த்தோம், நேரம் பார்த்தோம், திசை பார்த்தோம். அவர்கள் காற்றுப் பார்த்தார்கள். எங்கள் கைக்குள் அடங்காத ஒன்றைக் கேட்டுத்தான் வாழ வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது. எங்களுடையது மட்டும்தான் மரியாதை, அவர்களுடையது பயம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் நான் கள்ளிக்குள் விழுந்தேன்.

இப்போது அக்காவின் போனில் மால்டாக் காற்றுக்கென்றே ஒரு ஆப் இருக்கிறது. காலையில் தேத்தண்ணி குடிக்க முதல் அதைப் பார்ப்பாள். ஷ்லொக் என்றால் மரீயாவோடு சுகம் மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவாள். மாமிக்கும் மருமகளுக்கும் இதுவரை ஒரு சண்டை கிடையாது. குடும்பத்தில் நான் எந்த யோசனை சொன்னாலும், கார் எங்கே நிறுத்துவது என்பதுவரை, யாராவது ஒருவர் காற்றுப் பார்க்க விரலை எச்சில்படுத்தி மேலே தூக்குவார். மரீயாதான் முதலில் தூக்குவாள்.

அக்கா வீட்டு ஹோலில் பெரிதாக்கி மாட்டியிருப்பதும் ஒரு முதுகுப் படம்தான். போன மாதம் வந்த ஒரு விருந்தாளி, "ஏன் அக்கா, முகம் தெரியிற படம் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். நான் மெல்லச் சமையலறைப் பக்கம் நழுவினேன்.

"முகத்தை எல்லாற்ற கலியாணத்திலயும் பாக்கலாம்" என்று அக்கா சொல்வது கேட்டது. "இதில பாருங்கோ, அவளின்ர பின்கழுத்தில கொடியைப் பூட்டேக்க என்ர பிள்ளையின்ர கை நடுங்கிறது தெரியுது. அண்டைக்குத் தாலித் தட்டைப் பிடிச்ச என்ர கையும் அப்பிடித்தான் நடுங்கினது. என்ர தம்பி ஒரு விசரன் எண்டபடியாத்தான் எனக்கு இந்தப் படம் கிடைச்சது."

நான் சமையலறைக் கதவடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பிறகு, இவ்வளவு நல்ல படத்தைக் கிழக்குச் சுவரில் மாட்டினால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று சொல்லலாமென வாயைத் திறந்தேன். அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. விரலை மட்டும் உயர்த்தினாள்.