ஹோல் நிலத்தில் கிடந்த வினைச்சொல்

பான், ஜேர்மனி
செவ்வாய்க்கிழமை

அன்பும் மதிப்பும் நிறைந்த இராஜேஸ்வரி அக்காவுக்கு,

தம்பி சிறீதரன் எழுதிக்கொள்வது. நல்லூர்க் கந்தன் அருளால் நானும் சிவமலரும் மகள் கம்சனாவும் இங்கே நல்ல சுகமாக இருக்கிறோம். உங்களுடைய சுகத்தையும் அத்தானின் முழங்கால் நிலவரத்தையும் அறிய விருப்பம். மேலே ‘நல்ல சுகம்’ என்று எழுதியது, கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக. உண்மையில் இந்த வீட்டில் ஒருவருக்கும் சுகமில்லை. காரணம் நான்.

வாட்ஸ்அப்பில் எடுத்துச் சொல்லாமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டில் நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு குசுகுசுத்தாலும் சிவமலர் குசினியில் இருந்து பதில் சொல்லுவாள். அதோடு நான் இருபத்தேழு வருடம் கொலோன் தபால் நிலையத்தில் கடிதங்களை இடம் வாரியாகப் பிரிக்கிற வேலை செய்தவன். வெட்கப்பட வேண்டிய விஷயத்தை உறைக்குள் வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். வாசித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். அத்தானுக்குக் காட்ட வேண்டாம். காட்டாமல் இருக்க முடியாது என்றால், சிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

கம்சனா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் “இங்கிலீசு சம்பந்தமாக” என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான். போன ஆவணியில் கொலோனில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் ஒருவர் தன் மகன் பல் வைத்தியன் என்றார், இன்னொருவர் தன் மகள் விமானத்துக்கு இயந்திரம் செய்கிறாள் என்றார், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் சோற்றுக்குள் அப்பளத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்லுவது அக்கா? பிள்ளை நாலு வருடமாக ஒரே ஒரு வினைச்சொல்லை ஆராய்கிறாள். அது ஜேர்மன் சொல் இல்லை. ஒழுங்கான இங்கிலீசுச் சொல்லும் இல்லை. ஸ்கொட்லாந்தில் ஐந்நூறு வருடத்துக்கு முன் பேசிய பாஷையில் ஒரு சொல். ‘ஸ்பீர்’ என்று சொல்ல வேண்டுமாம். கேட்கிறது, விசாரிக்கிறது என்று பொருளாம்.

“கேக்கிறதுக்கு நாலு வருசமோ பிள்ளை?” என்று ஒரு நாள் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. “அப்பா, அது சும்மா ஒரு சொல்லில்லை. ஒவ்வொரு காலத்திலையும் ஒவ்வொரு வேலை செய்திருக்கு. கேள்வி கேக்கிறது, ஊர்ப் புதினம் விசாரிக்கிறது, கேட்டுக் கேட்டுப் போய் ஒராளைத் தேடிப் பிடிக்கிறது, பிறகு பிறகு பொம்பிளை கேக்கிறதுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கினம். எது முதல், எது பிறகு, எதிலையிருந்து எது வந்தது எண்டு அடுக்கிறதுதான் என்ரை வேலை” என்று கதிரை நுனியில் வந்து இருந்து சொன்னாள். நான் “சரி, சரி” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியில் செய்தி பார்த்தேன். அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலத்து ஸ்கொட்லாந்துக்காரருக்கு எழுத்துக்கூட்டல் என்ற கட்டுப்பாடே இருக்கவில்லை. ஒருவர் நடுவில் ‘ஐ’ போடுகிறார், ஒருவர் ‘ஒய்’ போடுகிறார், ஒருவர் கடைசியில் ஒரு ‘ஈ’யைச் சேர்த்துக்கொள்கிறார். நீதிமன்ற எழுத்தர் ஒருவர் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார். அந்த மனிதர் என்னோடு வேலை செய்திருந்தால் ஒரு கிழமை நிலைத்திருக்க மாட்டார். கம்சனா அப்படிக் காண்கிற ஒவ்வொரு இடத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் கையால் எழுதி வைப்பாள். மேலே அந்த எழுத்துக்கூட்டல், நடுவில் முழு வசனம், மூலையில் ஆண்டு. அகராதி செய்கிறவர்களின் பழைய முறை அதுவாம். மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. எண்ணிக்கை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

போன மாதம் கம்சனா ஹாலே நகரத்தில் ஒரு கூட்டம் என்று நாலு நாள் போனாள். சிவமலர் தங்கச்சி வீட்டுக்குக் கொலோன் போயிருந்தாள். போகும்போது மகள் அந்தச் சீட்டு முழுவதையும் ஹோல் நிலத்தில் பரப்பிவிட்டுப் போயிருந்தாள். சோபாவின் கீழ், சாமி அறை வாசலில், கழிப்பறைக்குப் போகிற வழியில், எங்கும் சீட்டு. சில கவிழ்ந்தும் கிடந்தன. கதவில் ‘தயவுசெய்து தொட வேண்டாம்’ என்று ஜேர்மனில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள். அது தாய்க்கு எழுதியது என்று நான் நினைத்தேன். நான் மூன்று நாள் கால் விரலில் நடந்து குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஹீட்டர் அளவு பார்க்க ஆள் வருகிற ரெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம். ஆறு கிழமைக்கு முன்பே கடிதம் வந்திருந்தது. எல்லா ஹீட்டருக்கும் தடையில்லாத வழி விட வேண்டும் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இந்த நாட்டில் ரெர்மினைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது அக்கா, எனக்கும் தெரியாது, இதுவரை தவறவிட்டதில்லை. ஜன்னல் ஓரம் ஒரு வரிசையை மட்டும் எடுப்போம் என்று குனிந்தேன். முதல் சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல். இரண்டாவதில் வேறு. மூன்றாவது முதலாவதைப் போல. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், நான் செய்யவில்லை, கை செய்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகச் சும்மா கிடந்த கை. ஒன்றரை மணித்தியாலத்தில் நிலம் பளிச்சென்று வந்துவிட்டது. எழுத்துக்கூட்டல் வாரியாக முப்பத்தொரு கட்டு. ஓரம் தட்டி, ரப்பர் வளையம் போட்டு, ஒவ்வொரு கட்டின் மேலும் எத்தனை என்று எழுதிச் செருகிவிட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்லுகிறேன், பிள்ளையின் நாலு வருட வேலையை நான் ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

ஹீட்டர்காரன் வந்தான். வாசல் கால்துடைப்பத்தில் நின்றபடியே, “உள்ள வரத் தேவையில்லை, எல்லாம் படியிலை நிண்டே கருவியிலை வாசிச்சிட்டன்” என்று ஜேர்மனில் சொல்லிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

பின்னேரம் கம்சனா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப் போயிற்று. “அப்பா, இதை ஆர் செய்தது?” என்றாள். நான் பெருமையோடு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: “நாலு வருச அடுக்கு அப்பா. கருத்துப்படி அடுக்கினது. சீட்டில இலக்கம் போடேல்லை, கிடந்த இடம்தான் இலக்கம். அடுத்த மாதக் கடைசி குடுக்க வேணும்.” அக்கா, அந்த நேரம் என் வாயில் இருந்து வந்தது என்ன தெரியுமா? “லூர்தம்மா வந்தவா பிள்ளை. துப்பரவாக்கிறன் எண்டு…”

லூர்தம்மா கீழ் வீட்டில் தனியாக இருக்கிற பாசையூர் மனுசி. எங்கள் வீட்டுக் கதவின் மறு திறப்பு அவரிடம்தான் இருக்கும். நாங்கள் ஊருக்கு வந்தால் பூச்சாடிக்குத் தண்ணி விடுகிறவர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர். அன்று முழுவதும் அவர் எங்கள் படியே ஏறவில்லை. அறுபத்தாறு வயது மனிதன், ஐந்து வயதுப் பொடியன்போலப் பக்கத்து வீட்டு ஆளின் தலையில் போட்டுவிட்டேன்.

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் லூர்தம்மா கட்லட் கொண்டுவந்தார். கம்சனா “வணக்கம் அன்ரி” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். “பிள்ளைக்குச் சுகமில்லையோ அண்ணை?” என்று கேட்டார். நான் “ஓம், கொஞ்சம் சுகமில்லை” என்றேன். பின்னேரம் மல்லித் தண்ணி அவித்துக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிள்ளைக்காக மெழுகுதிரி கொளுத்தினேன் என்று சொன்னார். அந்தக் கட்லட் ஆறையும் நான்தான் சாப்பிட்டேன். வேறு ஒருவரும் தொடவில்லை, எறிய மனமும் வரவில்லை. நல்ல ருசியாக இருந்ததை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு சிவமலர் கொலோனில் இருந்து வந்து கதையைக் கேட்டாள். உங்களுக்குத் தெரியுமே அவளை. “உதவி செய்யிற மனுசிதான், ஆனால் இனித் திறப்பு வேண்டாம்” என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனாள். நான் தடுக்கவில்லை. படி மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். லூர்தம்மா திறப்பை எடுத்துக் கொடுத்தார். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. “ஏதும் பிழை விட்டிருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் அவர் வீட்டு வாசலைக் கடந்து போகவே கூசுகிறேன். குப்பை கொட்டப் போவதென்றாலும் அவர் கதவு சாத்தியிருக்கிற நேரம் பார்த்துத்தான் போகிறேன். நடந்து பத்தொன்பது நாள் ஆகிறது.

மகளோ ஒவ்வொரு நாளும் அந்த முப்பத்தொரு கட்டையும் மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். அவிழ்க்கிறாளும் இல்லை, எழுதுகிறாளும் இல்லை. சாப்பிட வா என்றால் வருகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் நாலு வருடத்தில் ஒரு நாளாவது அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால், அது கிடந்த கிடையே வேலை என்று எனக்குத் தெரிந்திருக்கும். கலியாண வீட்டில் அவளைச் சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது அவள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சொல்ல முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். மூன்று தரம் தொடங்கினேன். முதல் தரம் “பிள்ளை…” என்றேன், அவள் “என்னப்பா?” என்றாள், “தேத்தண்ணி வேணுமோ?” என்று கேட்டுவிட்டேன். இரண்டாம் தரமும் தேத்தண்ணி. மூன்றாம் தரம் அவளே “தேத்தண்ணி வேண்டாம் அப்பா” என்று முந்திக்கொண்டாள். ஆகவே உங்களிடம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுக்கும்போது கம்சனாவைக் கூப்பிட்டு, “உன்ரை சீட்டைக் குழப்பினது கொப்பர்தான், லூர்தம்மா பாவம்” என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். நான் அந்த நேரம் கடைக்குப் போயிருப்பேன். என்னைத் திட்ட வேண்டிய அளவுக்குத் திட்டுங்கள், அதையும் அவளிடமே சொல்லி அனுப்புங்கள்.

அத்தானுக்கு என் அன்பு. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் வேண்டும், இந்த முறை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கந்தன் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். எனக்குக் கொஞ்சம் துணிவு தந்தால் போதும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு தம்பி,
சிறீதரன்

பி.கு.: மாமி, இது கம்சனா. எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கோ, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில படிச்ச தமிழ். தபாலில போடச் சொல்லி அப்பா இதைத் தந்தவர். உறை ஒட்டேல்லை. இருபத்தேழு வருசம் கடிதத்தோடை இருந்த மனுசன் மறந்தாரோ, வேணுமெண்டு விட்டாரோ, எனக்குத் தெரியேல்லை. வாசிச்சது பிழைதான்.

அப்பா எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். முப்பத்தொரு கட்டிலையும் அவரின்ரை கையெழுத்து இருக்கு. லூர்தம்மா அன்ரியின்ரை திறப்பை, அம்மா வாங்கின அடுத்த நாளே நான் கொண்டு போய்க் குடுத்திட்டன், அம்மாவும் வந்து மன்னிப்புக் கேட்டவ. அன்ரி சிரிச்சுப்போட்டு, “அண்ணை தானாச் சொல்லட்டும், ஒருத்தரும் கேக்காதேங்கோ” எண்டவ. அந்தக் கட்லட்டும் அப்பாவுக்கு விருப்பமெண்டுதான் கொண்டு வந்தவவாம்.

ஆனால் மாமி, நிலத்தில அடுக்கு எண்டு ஒண்டும் இருக்கேல்லை. நாலு வருசம் முயற்சி செய்தும் எனக்கு அடுக்க வரேல்லை. ஒரு நாள் பெட்டியோடை எல்லாத்தையும் நிலத்தில கொட்டிப்போட்டு, தொட வேண்டாம் எண்டு எழுதி ஒட்டிப்போட்டு, ஹாலேயில என்ரை சிநேகிதி சுஜானி வீட்டில போய் நாலு நாள் படுத்துக் கிடந்தன். கூட்டம் ஒண்டும் இல்லை. திரும்பி வந்து வெறும் நிலத்தைப் பாத்த உடனை எனக்கு வந்தது கோபமில்லை, நிம்மதி. பேராசிரியைக்கு, அப்பா நாலு வருச அடுக்கைக் குலைச்சுப்போட்டார் எண்டு எழுதினன். மூண்டு மாதம் கூடத் தந்திருக்கினம். அப்பா மனம் வருந்தக் கூடாதெண்டு அவ ஒரு பெட்டி பிஸ்கட்டும் அனுப்பினவ. அதை என்ரை அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன்.

அவர் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்கேக்கை நான் முகத்தைப் பாக்காதது அதாலைதான். ஞாயிற்றுக்கிழமை எடுக்கேக்கை அப்பாவைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அவரைக் கடைக்குப் போக விடாமல் பிடிச்சு வைச்சு, என்னைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்ல ஏலாது, மாமி.