கங்காணியார் தலைப்பாகையில் நூடில்ஸ்

கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைமார் எதற்கெதற்கோ பயப்படுவார்கள். ஜாதகம் பொருந்துமா, பெண்ணுக்குப் பிடிக்குமா என்று. நான் கேட்டால் சொல்வேன், பயப்பட வேண்டியது மாமனாரின் பசிக்கு மட்டும்தான். பசித்த மாமனாரோடு ஒரு மத்தியானம் பூராவும் அட்டன் டவுனில் மழையில் அலைந்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு.

ஐம்பதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். வகுப்பில் புலி, பெரியவர்கள் முன்னால் எலி. கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் திருவிழாவில் சரோஜாவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (பார்த்தது என்றால், அவள் பானகம் ஊற்றிக் கொடுத்தாள். நான் திரும்பத் திரும்ப வரிசையில் போய் நின்றேன். வயிறு உப்பியதுதான் மிச்சம்.) இவள் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் அழுதேன். அப்பா ஆள் விட்டுப் பேசினார். ஒருவழியாக அவளுடைய அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்.

அவர் தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி. கறுப்புக் கோட்டு, பளீரென்ற வெள்ளைத் தலைப்பாகை, கக்கத்தில் குடை. எங்கள் வீட்டில் நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஒரு மிடறு தேத்தண்ணீர் தொடவில்லை. எங்கள் ஆட்களிடம் அது ஒரு கட்டுத்திட்டம். பெண் கொடுக்க முடிவு பண்ணும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. மாப்பிள்ளையின் சொந்தக்காரர் வீட்டிலும் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். அப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கோழிக் குழம்பின் வாசத்தை மூக்கால் வாங்கிக்கொண்டு, “வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறேங்க” என்று எழுந்துவிட்டார்.

அவரை அட்டன் ஸ்டேசனில் ரயிலேற்றிவிட அப்பா என்னை அனுப்பினார். “வாயைத் தொறந்து ஒண்ணும் கெடுத்துறாத. பதவிசா கூட்டிக்கிட்டுப் போ” என்றார் காதோடு.

ஸ்டேசனில் போய் நின்றால், வட்டவளைப் பக்கம் பாதையில் மண் சரிந்துவிட்டதாம். சாயங்காலம்தான் ரயிலாம். மழை வேறு கொட்டுகிறது. கங்காணியாரின் வயிறு கடமுடா என்றது எனக்கே கேட்டது.

“மாஸ்டர், இங்கின நல்ல சாப்பாட்டுக் கடை எது?”

“அந்தா இருக்குதே, அந்தச் சைவக் கடைங்க.”

“கடைக்காரரு உங்களுக்கு ஏதும் சொந்தமா?”

“பெரியப்பா மருமகங்க.”

“அப்ப வேணாம்.”

நாலு கடை தள்ளி நானாவின் ரொட்டிக் கடை. “இவரு முஸ்லிம் ஆளு. இவரு எப்படியும் உங்களுக்குச் சொந்தமா இருக்க முடியாது” என்று அவரே உற்சாகமாகப் படியேறினார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “சொந்தமில்லைங்க. ஆனா அப்பாவும் இவரும் மாமன் மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவாங்க” என்றேன்.

அவர் ஏறின படியிலிருந்து இறங்கினார். “முறை வச்சுக் கூப்பிட்டா அது உறவுதாங்க மாஸ்டர். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.”

இப்படியே டவுன் முழுக்க நடந்தோம். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது, அட்டனில் எங்கள் குடும்பத்தோடு ஒட்டாதவர் யாருமே இல்லை. கடைசியில் ஒரு சந்துக்குள், புதிதாகத் திறந்த சின்னச் சீனக் கடை ஒன்று கண்ணில் பட்டது. அப்பாடா! சீனாவில் எங்களுக்கு யாரும் இல்லை.

“இங்கின நான் அடிக்கடி வருவேங்க. பிரமாதமா இருக்கும்” என்று அளந்துவிட்டேன். (அந்தச் சந்துக்குள்ளேயே அன்றுதான் நுழைகிறேன். உலகம் தெரிந்த மாப்பிள்ளை என்று காட்டிக்கொள்ளும் ஆசை. கொழுப்பு!)

உள்ளே நாலைந்து பெஞ்சு. கடைக்காரர் எங்கள் கண் முன்னாலேயே மாவைப் பலகையில் அடித்து, இரண்டு கையாலும் விரித்து இழுத்து, மடித்து, மறுபடி இழுத்தார். நானா ரொட்டிக்கு வீசுவதுபோல ஆரம்பித்தது, இழுக்க இழுக்க நூல் நூலாகப் பிரிந்தது. கங்காணியார் பசியை மறந்து வாயைப் பிளந்தார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மாட்டிறைச்சி வேண்டாம், முட்டை போதும் என்று சொல்லிவைத்தேன்.

ஆவி பறக்க இரண்டு கோப்பை வந்தது. பக்கத்தில் ஆளுக்கு இரண்டு குச்சி.

“இதை எப்படிங்க சாப்பிடுறது? நீங்கதான் பழக்கப்பட்டவராச்சே, காட்டுங்க” என்றார்.

செத்தேன். கைக்கு ஒரு குச்சியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டுத் தூக்கினேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. கையை உயர்த்தினேன், முடியவில்லை. எழுந்து நின்றேன். அப்போதும் மறுமுனை கோப்பைக்குள்தான் கிடந்தது. வேறு வழியில்லாமல் குச்சியில் தொங்கியதை வாயில் வைத்து உறிஞ்சினேன் பாருங்கள், அது சுழன்று அடித்ததில் சூப்பு அவர் கண்ணில் தெறித்தது. ஒரு நீள நூடில்ஸ் எகிறிப் போய் அந்த வெள்ளைத் தலைப்பாகையில் உட்கார்ந்து, காதோரமாகத் தொங்கியது. சொல்லவும் பயம், எடுக்கவும் பயம்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குச்சிகளை ஓரமாக வைத்தார். சூடு ஆறட்டும் என்று ஊதினார். பிறகு கையை விட்டு அள்ளி, சொதி ஊற்றிய இடியப்பம் போலப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். “ருசியாத்தான் இருக்கு மாஸ்டர்!” என்றார் வாய் நிறைய. எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

அப்போதுதான் கடைக்காரர் பக்கத்தில் வந்து, எங்கள் தோட்டத்து லய வீட்டு ஆட்கள் பேசுகிற அதே தமிழில், “தம்பிக்கு எந்தத் தோட்டங்க?” என்றார். நான் தோட்டத்தையும் அப்பா பெயரையும் சொன்னேன்.

“அட, நீ மீனாச்சி அக்கா மகனா!” என்று கத்தி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். முன்பெல்லாம் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்றவராம். நான் பதுளையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், காய்ச்சலில் எங்கள் வாசலில் விழுந்தவரை அம்மாதான் கஞ்சி கொடுத்து எழுப்பி விட்டாளாம். “எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லை. அக்காதான் என்னைத் தம்பின்னாங்க. நான் உனக்கு மாமன்டா!”

மாமன். அதுவும் தாய்மாமன்.

கங்காணியாரின் கை கோப்பைக்குள்ளேயே நின்றது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தார். சீனக்காரர் விவரம் கேட்டார், நான் உளறினேன். அவர் முகம் மலர்ந்து, “அப்ப நீங்க சம்பந்தியா! இன்னும் கொஞ்சம் போடுறேன்!” என்று கரண்டியோடு ஓடி வந்தார்.

கங்காணியார் எழுந்துவிட்டார். “ஓஹோ! ஊரெல்லாம் சுத்தவிட்டு, பசியில வாட்டி, மாமன் கடைக்கே கூட்டியாந்து கை நனைக்க வச்சிட்டீங்க. வீட்டுல எல்லாரும் சேந்து போட்ட திட்டமா இது? அடிக்கடி வருவேன்னு உங்க வாயாலதானே சொன்னீங்க?”

“முருகன் சத்தியமா இல்லைங்க! பொய் சொன்னேங்க! இந்தக் கடையை இன்னைக்குத்தாங்க பார்க்கிறேன்!” சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டியது. போச்சு, சரோஜா போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டையெல்லாம் சூப்பு. மூக்கு நுனியில் முட்டை. இரண்டு கையிலும் இன்னும் ஒவ்வொரு குச்சி. என்ன நினைத்தாரோ, தன் தலைப்பாகையைத் தடவினார். கையோடு அந்த நூடில்ஸ் வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இந்தக் கடைக்கு முன்னபின்ன வந்தவன் இப்படியா சாப்பிடுவான்?” என்றார் மெதுவாக. பிறகு தோள் குலுங்க ஒரு சிரிப்பு. “இவ்வளவு விவரங்கெட்ட ஆளால திட்டமெல்லாம் போட முடியாது. உக்காருங்க மாப்பிள்ளை. ஆறிப்போகுது.”

மாப்பிள்ளை! அந்த ஒரு வார்த்தையில் என் நெஞ்சிலிருந்து ஒரு மலையே இறங்கியது. அன்று நான் விட்ட பெருமூச்சில் பக்கத்துப் பெஞ்சுக்காரரின் வெற்றிலைப் பொட்டலம் பறந்தது என்று மாமனார் பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்வார். (அவரும் அளப்பார். சம்பந்தம் சரியான இடத்தில்தான் அமைந்திருக்கிறது.)

கல்யாணத்தில் சீன மாமாதான் பட்டு வேட்டி கட்டி, தாய்மாமன் சீர் சுமந்து, மேளத்தோடு முன்னால் வந்தார். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனாலும், வழியில் பசித்தால் கடைக்காரரிடம் முதல் கேள்வி, “ஒங்களுக்கு அக்கா யாராச்சும் உண்டுங்களா?” என்பதுதான்.

பேரப்பிள்ளைகள் எனக்குக் குச்சி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். இன்றுவரை வரவில்லை. அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது சரோஜா அடுப்படியிலிருந்து தவறாமல் ஒன்று சொல்வாள்:

“அன்னைக்கு மட்டும் இந்த மனுசன் ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்!”