நுரை பூசிய படிப்பு

பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று பார்க்கப் பரீட்சை இருக்கிறது. எப்படிப் படித்தார்கள் என்று பார்க்க ஒன்றுமே இல்லை. இந்த மாபெரும் குறை, கல்வி அலுவலகத்தில் ஒரு மதியம், மின்விசிறி நின்றுபோய் எல்லாரும் விழித்திருந்த நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

உடனே படிப்புப் பழக்கப் பிரிவு என்று ஒன்று பிறந்தது. அதிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் பிறந்தது. மாணவர் மேஜைமுன் நிமிர்ந்து உட்கார வேண்டும். விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். பழக்க ஆய்வாளர் வீடு தேடி வந்து பார்ப்பார். அதில் தேறாதவருக்கு ஆண்டுப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் அதே வகுப்பு, அதே பெஞ்சு.

எங்கள் தெரு சலூன்காரரின் மகளுக்குத்தான் இது வினையாக வந்தது. அவளுக்கு ரேடியோ என்று பேர். பெற்றவர்கள் வைத்தது வேறு. சலூனுக்கு வருகிறவர்கள் வைத்தது இது. பாடத்தை யாருக்காவது வாய்விட்டுச் சொன்னால்தான் அவள் மண்டையில் ஏறும். வீட்டில் அம்மாவுக்கு வேலை, கேட்க நேரமில்லை. கீழே கடையில் அப்பா முன்னால் எப்போதும் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருப்பார். கழுத்தில் கத்தி இருப்பதால் எழுந்து ஓட மாட்டார். இவரைவிட நல்ல மாணவர் எங்கே கிடைப்பார்? வாயைத் திறந்தால் உதடு போய்விடும் என்பதால் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். புரியாவிட்டால் கட்டைவிரலைத் தூக்க வேண்டும்.

ஆய்வாளர் வந்த அன்று மாடியில் மேஜை துடைத்துத் தயாராக இருந்தது. எதிர்வீட்டு அத்தையிடம் இருந்த இரண்டில் ஒன்று, அம்மா இரவல் வாங்கியது. ரேடியோவோ கீழே, ஒரு வழுக்கைத் தலையைச் சுற்றிச் சோப்பு டப்பாவை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இப்ப பாருங்க மாமா, உங்க தலைதான் பூமி. இந்த டப்பா நிலா. பல்பு சூரியன். நிலா இப்படி நடுவுல வந்துச்சுன்னா..."

கட்டைவிரல் எழுந்தது.

"புரியலையா? சரி, மறுபடி சொல்றேன்."

வாசலில் நின்ற ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "இவர் யாரு? உன் வாத்தியாரா?"

"இல்ல சார், ஷேவிங்குக்கு வந்தவரு. அவரு விரலைத் தூக்கினாத்தான் எனக்கே அந்த இடம் சரியாத் தெரியலைன்னு தெரியும்."

"மேஜை எங்கே?"

"மாடியில சார்."

"விளக்கு?"

"அதுவும் அங்கதான். இடப்பக்கமா வச்சிருக்கு."

ஆய்வாளர் மாடிக்குப் போனார். மேஜை அசையாமல் இருந்தது. சத்தம் போடவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்தியோடு இறங்கி வந்தார்.

"மேஜைக்கு முழு மார்க். உனக்கு முட்டை."

"அப்ப மேஜைக்கு ஹால் டிக்கெட் குடுப்பீங்களா சார்?"

"அது பரிசீலனையில இருக்கு" என்றார் அவர், சிரிக்காமல்.

எதிர்வீட்டு அத்தையின் மகன் அன்றே முதல் மதிப்பெண்ணில் தேறினான். அவனைப் பொம்மை என்று கூப்பிடுவார்கள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் பாக்கியம் பெற்றவன். "எம் புள்ளைக்குப் பழக்கம் ரத்தத்துலயே இருக்கு" என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லி வந்தாள்.

சலூன்காரர் மகளைத் திட்டவில்லை. "அழாதம்மா. வேற ஏதாவது வழி பிறக்கும்" என்று மட்டும் சொன்னார்.

வழி தாடியோடு வந்தது. ஆய்வாளருக்கே ஒரு பரீட்சை இருந்தது. பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு. இந்த வருஷம் பழக்க விதிகளும் அதில் பாடம். வருஷா வருஷம் மேஜைமுன் நிமிர்ந்து, விளக்கை இடப்பக்கம் வைத்து, வாய்மூடிப் படித்தார். வருஷா வருஷம் கோட்டைவிட்டார். ஒருநாள் சவரம் செய்துகொள்ள வந்தவர் புத்தகத்தை மடியில் வைத்தபடி நாற்காலியில் சாய்ந்தார். சலூன்காரர் நுரையைக் குழைத்து வாய்வரை பூசினார். ரேடியோ மெல்ல வந்து மடியிலிருந்த புத்தகத்தை எடுத்தாள்.

"சார், இந்த விதியை எதுக்கு வச்சாங்கன்னு பார்ப்போமா?"

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை.

கட்டைவிரல் எழுந்தது. விளக்கினாள். மறுபடி எழுந்தது. வேறு மாதிரி விளக்கினாள். முதல் பக்கம் முடிவதற்குள் அந்த விரல் களைத்துப்போனது. மறுநாள், மழுமழுவென்றிருந்த கன்னத்தோடு திரும்ப வந்து உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். இல்லாத தாடியை எடுத்து எடுத்து சலூன்காரருக்குக் கை வலித்தது. ஆனால் அந்த வருஷம் ஆய்வாளர் பாஸாகிவிட்டார். உயர் அதிகாரியும் ஆகிவிட்டார்.

ரேடியோ சந்தோஷமாக அலுவலகத்துக்குப் போனாள். "சார், எனக்கு ஹால் டிக்கெட்?"

"உன்னை மறப்பேனாம்மா? உனக்கு மட்டும் சலுகை காட்டினா ஊர் என்ன பேசும்? அதனால விதியையே மாத்திட்டேன்" என்று ஒரு தாளை நீட்டினார்.

யாவருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், இனி மாணவர்கள் சாய்வு நாற்காலியில், முகம் முழுக்க நுரை பூசி, வாய்மூடிப் படித்தல் வேண்டும். ஐயம் தோன்றினால் கட்டைவிரலை உயர்த்துதல் வேண்டும்.

அவள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். "சார், இதுல சொல்லிக் குடுக்கிற ஆளைக் காணோமே? பேசினது நான்தானே?"

"பேசினது நீதான். பாஸானது யாரு?"

"நீங்க."

"நுரை யார் மூஞ்சியில இருந்துச்சு?"

"உங்க மூஞ்சியில."

"அப்ப எது நல்ல பழக்கம்?"

அவள் கட்டைவிரலைத் தூக்கினாள். "பார்த்தியா, பழக்கம் அதுக்குள்ள வந்துடுச்சு!" என்று அதிகாரி மகிழ்ந்தார்.

அப்புறம் ஊரே நுரைத்தது. எலுமிச்சை வாசனை கணக்குக்கு நல்லது, ரோஜா வாசனை இலக்கணத்துக்கு நல்லது என்று கடைக்காரர்கள் விற்றார்கள். எதிர்வீட்டு அத்தை வெளிநாட்டு பிரஷ் வாங்கினாள். "சாதா நுரையில படிச்சா சாதா வேலைதான் கிடைக்கும்" என்றாள். பொம்மைக்கு நுரை மிகவும் பிடித்துப்போனது. இனிமேல் கண்ணைத் திறந்து வைத்திருக்கத் தேவையில்லை.

சலூன் அங்கீகரிக்கப்பட்ட படிப்பு மையம் ஆனது. வாசலில் புதுப் பலகை, உள்ளே புது நாற்காலிகள். ஷேவிங்குக்கு வருகிறவர்களை உள்ளே விட இடமில்லாததால் தெருவில் பெரியவர்கள் எல்லாரும் தாடியோடு அலைந்தார்கள். ரேடியோவையும் அப்பாவே ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்து நுரை பூசினார். ஆய்வுக்கு வந்தவர் எட்டிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹால் டிக்கெட்டை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பரீட்சை. ரேடியோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கையில் டிக்கெட் இருந்தது. நுரை வந்த நாளிலிருந்து ஒரு பாடமும் யாருக்கும் சொல்லாததால் மண்டையில் எதுவும் இல்லை. ஒரு சோப்பு டப்பாவை எடுத்தாள்.

"அப்பா, கிரகணத்துல ஒரு இடம் நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் உங்க தலையைக் குடுங்களேன். சொல்லிப் பார்த்துக்கறேன்."

அவள் சொன்ன பாடத்தையெல்லாம் இத்தனை வருஷமாகக் கத்தியை நிறுத்தி நிறுத்திக் கேட்டவர் அவர். இப்போது பதறிப்போய் பிரஷ் பிடித்த கையை உதட்டில் வைத்தார். அவர் மீசையிலும் நுரை ஒட்டிக்கொண்டது.

"உஷ்! சத்தம் போடாதம்மா. பிள்ளைங்க படிக்குதுங்க."

கண்ணாடிக்கு வெளியே நின்ற பெற்றோர்களும் அவளை முறைத்தார்கள். அவள் டப்பாவை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். அப்பா வாய்வரை நுரை பூசினார்.

வரிசையாக இருந்த நாற்காலிகளில் ஒவ்வொரு கட்டைவிரலாக எழுந்தது. ஓரத்து நாற்காலியிலும் எழுந்தது. பொம்மையின் விரல் மட்டும் எழவில்லை, அவன் தூங்கிவிட்டான். அவனுக்கு மட்டும் எல்லாம் புரிந்திருக்கிறது என்று அத்தை வெளியே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அதை மறுக்கவில்லை.