காலிப் பைப்பில் தண்ணீர்

வடித்துவிட்ட பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் ரூம் திரை அப்படித்தான் சொன்னது.

அளவுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 'காலி' என்று வரவேண்டிய இடத்தில் ஓர் எண் மினுக்கியது.

மலைமேல் ஓர் ஏரி, அடிவாரத்தில் ஓர் ஏரி, நடுவில் ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு ஒரு பைப். மின்சாரம் மிஞ்சும்போது பம்ப் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தட்டுப்பாடு வரும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று அளப்பது அவர் வேலை. இறங்கினால் பிளஸ், ஏறினால் மைனஸ். இன்று இரண்டும் கிடையாது. மேல்கதவை அடைத்துப் பைப்பை வடித்தாகிவிட்டது. உள்ளே ஒரு விரிசலைப் பற்றவைக்க வெல்டர் இறங்க வேண்டும். அளவுக்காரர் தலையாட்டாமல் யாரும் உள்ளே காலை வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம்.

வெல்டர் அவருடைய மனைவியின் தம்பி.

காலையிலேயே மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். "என் தம்பி மேல ஒரு கீறல் விழுந்தாலும் நீங்க வீட்டுப் பக்கம் வர வேண்டாம். அங்கயே உங்க மீட்டரோட குடித்தனம் பண்ணுங்க."

சொன்னால் செய்கிறவள். அந்தப் பயத்தில் அவர் காலையிலிருந்தே எல்லார் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தார். பைப்புக்கு வெளியே பச்சை அடிக்க வந்த பெயிண்டர் அக்காவைக்கூட விடவில்லை. பைப்பின் இடுப்பில் வார் போட்டுக் கட்டிய இரண்டு சென்சார்கள்தான் தண்ணீர் ஓட்டத்தைப் பார்த்து மீட்டருக்குச் சொல்லும்; அவற்றுக்கு அவர் வைத்த பெயர் கண்.

"அக்கா, அந்தக் கண்ணுல ஒரு சொட்டு பெயிண்ட் படக்கூடாது. அடியில இருக்கற பசை காயவும் கூடாது. காஞ்சா என் பொழப்பே போச்சு."

"சரி தம்பி" என்று அக்கா பிரஷ்ஷை நனைத்தாள்.

இப்போது அவர் ஆபரேட்டர் பெண்ணிடம் ரகசியம்போலக் கேட்டார். "மேல்கதவு நல்லா மூடியிருக்கா?"

"மூடியிருக்கு சார்."

"இன்னொரு தடவை இறுக்கச் சொல்லும்மா."

இறுக்கினார்கள். எண் இரட்டிப்பாயிற்று. கூடவே முன்னால் ஒரு மைனஸ் வந்து உட்கார்ந்தது.

"சார், மைனஸ்னா தண்ணி மேல ஏறுதுன்னு அர்த்தமாச்சே" என்றாள் ஆபரேட்டர். "பம்ப்பு ஓடலையே."

"ஓடலை."

"அப்ப யாரு ஏத்தறா?"

அவர் மீட்டரை அணைத்துப் போட்டார். இப்போது எண் ஏறியது, இறங்கியது, கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, மறுபடி துள்ளியது. உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

வாசலில் பெரிய இன்ஜினியரின் ஷூ சத்தம் கேட்டது. திட்டு விழும் என்ற பயத்தில் அளவுக்காரர் தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். மீட்டரில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் அந்த நேரத்தில் என்ன ஓடுகிறதோ அதையே சைபர் என்று எடுத்துக்கொள்ளும். அமுக்கினார்.

"என்னய்யா காட்டுது?"

"சைபர் சார்."

"அப்புறம் என்ன, ஆளை இறக்கச் சொல்லு."

ஆபரேட்டர் அவரைப் பார்த்துக்கொண்டே மைக்கில் சொல்லிவிட்டாள்.

இன்ஜினியர் நகர்ந்த மறுகணம் அவர் வாக்கிடாக்கியைப் பிடுங்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார். மைத்துனனைத் தன் கையாலேயே அனுப்பிவிட்டோம் என்ற நினைப்பு துரத்தியது. பைப்படியில் பெயிண்டர் அக்கா ஒரு நீல டிரம்மிலிருந்து குவளையில் தண்ணீர் மொண்டு பைப்பின் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். டிரம்மைச் சுற்றிக் கயிறும் ஒயருமாகக் கிடந்தது. எல்லாவற்றையும் தாண்டிப்போய் ஆள் நுழையும் துவாரத்தில் தலையை விட்டார்.

"மாப்ளே, வெளிய வா."

"இப்பத்தான மாமா உள்ள வந்தேன்."

"அங்க என்ன தெரியுது?"

"இருட்டு தெரியுது."

"தண்ணி சத்தம் ஏதாவது கேக்குதா?"

"உங்க சத்தம்தான் கேக்குது. கொஞ்சம் சும்மா இருங்களேன்."

அவருக்குத் தலை சுற்றியது. மயங்கி விழுந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நீல டிரம்மில் கழுத்துவரை தலையை முக்கி, நன்றாக உதறி எடுத்தார். இடுப்பில் வாக்கிடாக்கி அலறியது.

"சார், திடீர்னு பிச்சுக்கிட்டு போகுது. மேலயா கீழயான்னே தெரியல, ரெண்டு பக்கமும் போகுது சார்."

அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. துவாரத்தருகே இருந்த சைரன் பொத்தானைக் குத்தினார். துவாரத்துக்குள் கையை விட்டு, அகப்பட்ட காலைப் பிடித்து, மைத்துனனைத் தரதரவென்று வெளியே இழுத்தார்.

எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய இன்ஜினியர் ஒற்றை ஷூவோடு வந்து சேர்ந்தார். ஆபரேட்டர் பெண் அழுதுகொண்டிருந்தாள். அத்தனை பேரும் துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெகுநேரம் நின்றார்கள். துவாரத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"எங்கய்யா தண்ணி?" என்றார் இன்ஜினியர்.

அளவுக்காரர் தலையிலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

"சைரன் வீடு வரைக்கும் கேக்குது. என் தம்பி எப்படி இருக்கான்?"

அவர் திரும்பிப் பார்த்தார். மைத்துனன் நெற்றியில் இழுத்த வேகத்தில் விழுந்த கீறல், நீளமாக, சிவப்பாக இருந்தது.

"நல்லா... இருக்கான்" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் பெயிண்டர் அக்கா, ஓடாமல் கொள்ளாமல், மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தாள். நேரே அளவுக்காரரிடம் போனாள்.

"முகம் கழுவணும்னா என்கிட்ட கேக்கக்கூடாதா தம்பி? பெயிண்ட் படக்கூடாது, காயவும் கூடாதுன்னீங்களேன்னு, உங்க கண்ணு ரெண்டையும் கழட்டி அந்த டிரம்முலதான ஊறப் போட்டிருக்கேன்."